உத்தரவு வந்தது, பணம் வந்ததா? சட்ட உதவி மையத்துக்குள் மதிப்பீட்டை வளர்ப்பது எப்படி

கேள்வி: தென் மாவட்டம் ஒன்றில் இலவச சட்ட உதவி தரும் தொண்டு நிறுவனத்தில் ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். நான்கு வழக்கறிஞர்கள், பதினோரு சட்டத் தன்னார்வலர்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 600 பேர் வருகிறார்கள். பெரும்பாலும் குடும்ப வன்முறை, ஜீவனாம்சம், கூலி பாக்கி, பட்டா. நிதி தருபவர்கள் “தாக்கத்தைக் காட்டுங்கள்” என்கிறார்கள். இரண்டு ஆண்டுக்கு முன் வெளியிலிருந்து ஓர் ஆலோசகரை அழைத்து மதிப்பீடு செய்தோம். 80 பக்க அறிக்கை வந்தது, பீரோவில் இருக்கிறது. இனி இந்தத் திறனை எங்களுக்குள்ளேயே வளர்க்க நினைக்கிறோம். சாஃப்ட்வேர் வாங்குவதா, தனியாக ஆள் எடுப்பதா? மதிப்பீடு என்றாலே எங்கள் வழக்கறிஞர்கள் “எங்கள் மேல் குற்றம் கண்டுபிடிக்கவா?” என்று கேட்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

முதல் ஆண்டுக்கு சாஃப்ட்வேரும் வேண்டாம், புது ஆளும் வேண்டாம். உங்கள் பதினோரு தன்னார்வலர்களில் ஒருவருக்கு வாரத்தில் இரண்டு நாளை இந்த வேலைக்கென்றே ஒதுக்கிக் கொடுங்கள். “மற்ற வேலைகளோடு இதையும் பார்த்துக்கொள்” என்று சொன்னால் நடக்காது. கோர்ட்டுக்கு ஓடுகிற வேலை எப்போதும் அவசரம், பதிவு செய்கிற வேலை எப்போதும் நாளைக்கு. அதனால் அந்த இரண்டு நாளும் அவருக்கு கோர்ட் வேலை, முகாம் வேலை எதுவும் கிடையாது என்பதை எழுத்தில் போட்டு எல்லோருக்கும் தெரியப்படுத்துங்கள். புள்ளியியல் படித்தவராக இருக்க வேண்டியதில்லை. எழுத்து தெளிவாக இருக்க வேண்டும், புரியாததை விடாமல் கேட்கிறவராக இருக்க வேண்டும். எக்ஸெலில் பிவட் டேபிள் (தரவைத் தொகுத்து எண்ணிக் காட்டும் அட்டவணை) போட இரண்டு நாளில் கற்றுக்கொள்ளலாம். வழக்கறிஞர்களில் ஒருவர் மாதம் அரை நாள் அவரோடு உட்கார வேண்டும். சட்டச் சொற்களில் சந்தேகம் வரும்போது முடிவு சொல்ல ஒருவர் தேவை.

ஆண்டுக்கு 600 பேர், ஆளுக்கு 25 கட்டம் என்றால் ஒரு எக்ஸெல் தாளே போதும். மூன்று நான்கு பேர் ஒரே நேரத்தில் பதிவு செய்ய வேண்டிய நிலை வந்தால், அல்லது இரண்டாவது அலுவலகம் திறந்தால், அப்போது சாஃப்ட்வேர் பற்றிப் பேசலாம். அதற்குள் எந்தக் கட்டங்கள் உண்மையில் தேவை என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். இப்போதே வாங்கினால் விற்பவர் தரும் கட்டங்களைத்தான் நிரப்பிக்கொண்டிருப்பீர்கள். சிக்னல் இல்லாத ஊர்களில் முகாம் போடுகிறவர்களுக்கு மட்டும் கோபோ டூல்பாக்ஸ் என்கிற படிவப் பதிவுக் கருவி உதவும். இணைப்பு இல்லாமலே பதிவு செய்து, பிறகு ஏற்றிவிடலாம்.

அடுத்தது, எதை அளப்பது. எல்லாத் திட்டங்களையும் ஒரே நேரத்தில் மதிப்பிடத் தொடங்குகிற நிறுவனங்கள் ஆறு மாதத்தில் கைவிட்டுவிடுகின்றன. ஒரு கேள்வியை எடுங்கள். உங்கள் வழக்குகளைப் பார்க்கும்போது அது ஜீவனாம்சமாக இருக்கட்டும் என்பேன். உங்கள் ஆண்டறிக்கையில் “உத்தரவு பெற்றவை” என்று ஓர் எண் இருக்கும். அந்தப் பெண்ணுக்குப் பணம் வந்ததா என்பதற்குக் கட்டமே இருக்காது.

இந்தக் கேள்வியை எடுக்கச் சொல்வதற்குச் சட்டத்திலேயே காரணம் இருக்கிறது. பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 144-ஆம் பிரிவின்படி, அதாவது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125-இன்படி, உத்தரவிட்ட தொகையைக் கட்டாவிட்டால் வசூலிக்க வாரண்ட் கேட்கலாம். அப்படியும் கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்க இடமுண்டு. ஆனால் ஒரு மாதத்தின் பாக்கிக்கு வாரண்ட் வேண்டுமென்றால், அது கட்ட வேண்டியதான நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போட்டாக வேண்டும். ஓராண்டு தாண்டினால் அந்தப் பெண்ணின் உரிமை அழிந்துவிடுவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆனாலும் அந்த மாதத் தொகைக்கு வாரண்ட் என்கிற வேகமான வழி அடைபட்டுவிடும். கணவர் கட்டுவார் கட்டுவார் என்று காத்திருந்து பதினான்காவது மாதம் உங்களிடம் திரும்பி வருகிற பெண் முதல் மாதங்களின் பாக்கியை அந்த வழியில் இழந்துவிட்டிருப்பார்.

ஆகவே உத்தரவு கிடைத்த ஒவ்வொருவருக்கும் மூன்று போன்: 30-ஆம் நாள், ஐந்தாம் மாதம், பத்தாம் மாதம். பத்தாம் மாதம் என்பதை மாற்றாதீர்கள். மனு தயாரித்துத் தாக்கல் செய்ய இரண்டு மாதம் கையில் இருக்க வேண்டும். உங்களுக்கு ஆண்டுக்கு 60 உத்தரவு வருவதாக வைத்துக்கொண்டால் 180 போன், மாதத்துக்குப் பதினைந்து. ஒன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும், எடுக்காதவர்களை மறுபடி அழைக்கவும் சேர்த்தால் மாதம் ஒரு நாள் வேலை. இந்த போன் மதிப்பீட்டுக்குத் தகவலும் தருகிறது, பாக்கி காலாவதியாவதையும் தடுக்கிறது. உங்கள் வழக்கறிஞர்கள் முதலில் ஏற்றுக்கொள்ளப்போவதும் இந்த வகை மதிப்பீட்டைத்தான், ஏனென்றால் இதனால் அவர்களுடைய கட்சிக்காரருக்கு நேரடியாகப் பலன் இருக்கிறது.

போனில் ஐந்து கேள்விக்கு மேல் வேண்டாம். உத்தரவு நகல் உங்கள் கையில் இருக்கிறதா? கடைசியாக எந்தத் தேதியில் பணம் வந்தது, எவ்வளவு? பேங்கிலா, கோர்ட் மூலமா, கையிலா? உத்தரவுக்குப் பிறகு மிரட்டலோ தொல்லையோ இருக்கிறதா? இப்போது எங்களிடமிருந்து ஏதாவது வேண்டுமா? இரண்டாவது கேள்வியின் சொற்களைக் கவனியுங்கள். “பணம் ஒழுங்காக வருகிறதா?” என்று கேட்டால் “ஏதோ வருதுங்க” என்பதுதான் பதில். அதை எந்தக் கட்டத்தில் போடுவது? தேதியும் தொகையும் கேட்டால், மூன்று மாதமாக எதுவும் வரவில்லை என்பது தானாக வெளிவரும். “எங்கள் சேவை திருப்தியாக இருந்ததா?” என்று கேட்கவே கேட்காதீர்கள். இலவசமாக உதவி பெற்றவர், உதவி செய்தவரிடமே குறை சொல்ல மாட்டார்.

அதே காரணத்தால் வழக்கை நடத்தியவர் போன் செய்யக் கூடாது. ஒரு தாலுகாவின் வழக்குகளை வேறு தாலுகாவின் தன்னார்வலர் அழைக்கட்டும். குடும்ப வன்முறை வழக்குகளில் இன்னொரு கவனம் வேண்டும்: போனை எடுப்பது கணவராகவோ மாமியாராகவோ இருக்கலாம். முதல் நாளிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இது யாருடைய போன், எந்த நேரம் பாதுகாப்பு, வேறு யாராவது எடுத்தால் என்ன பெயர் சொல்லிப் பேச வேண்டும். வாட்ஸ்அப் செய்தி அனுப்பாதீர்கள், நிறுவனப் பெயரை உடனே சொல்லாதீர்கள். வெவ்வேறு நாளில், வெவ்வேறு நேரத்தில் மூன்று முறை முயன்று கிடைக்காவிட்டால் “தொடர்பு கிடைக்கவில்லை” என்று பதிவு செய்து நிறுத்திவிடுங்கள்.

கூலி பாக்கி, பட்டா போன்ற மற்ற வழக்குகளுக்கு எல்லோரையும் அழைக்க வேண்டியதில்லை, மாதிரி எடுத்தால் போதும். முடிந்த வழக்குகள் 400 என்றால், 95 சதவீத நம்பகத்தில் 10 சதவீதப் புள்ளி முன்பின் துல்லியத்துக்கு (நூற்றுக்கு 95 தடவை, மாதிரியில் வரும் சதவீதம் உண்மையிலிருந்து பத்துப் புள்ளிக்கு மேல் விலகாது என்பதற்கு) 78 பேரின் பதில் தேவை. பத்தில் ஆறு பேர்தான் போனில் கிடைப்பார்கள் என்று கொண்டால் 130 பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வரிசை எண் பட்டியலில் ஒரு தொடக்க எண்ணைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, அதிலிருந்து ஒவ்வொரு மூன்றாவது பெயராக எடுங்கள். “நன்றாகப் பேசுகிறவர்களாகப் பார்த்து” எடுத்தால் செய்த வேலையெல்லாம் வீண்.

முடிவை எழுதும்போது பெரும்பாலோர் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. 130 பேரை அழைத்தீர்கள், 78 பேர் கிடைத்தார்கள், அதில் 47 பேர் கேட்டது கிடைத்தது என்றார்கள் என்று வையுங்கள். பேசியவர்களில் 60 சதவீதம். அழைத்தவர்களில் 36 சதவீதம். அறிக்கையில் இரண்டும் இருக்க வேண்டும். போன் எண் மாறியவர், ஊரை விட்டுப் போனவர், போனை யாரோ பிடுங்கிவைத்திருப்பவர் ஆகியோர்தான் கிடைக்காதவர்களில் அதிகம் இருப்பார்கள். அவர்கள் நிலைமை பேசியவர்களைப் போலவே இருக்கும் என்று எடுத்துக்கொள்ள எந்த ஆதாரமும் இல்லை.

படிவங்களுக்கு வருவோம். வரும்போது ஒரு பக்கம், முடியும்போது அரைப் பக்கம், அவ்வளவுதான். வரும்போது எழுதுவதில் வழக்கமான விவரங்கள் தவிர இரண்டைச் சேர்த்தே ஆக வேண்டும். ஒன்று, சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987-இன் 12-ஆம் பிரிவில் இவர் எந்த வகையில் வருகிறார். பெண், குழந்தை, பட்டியல் சாதி அல்லது பழங்குடியினர், மாற்றுத்திறனாளி, தொழிலாளி, காவலில் இருப்பவர் என்று அதில் பட்டியல் இருக்கிறது. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் உதவிக்கு அனுப்ப வேண்டியவர்கள் யார் என்பது இதிலிருந்தே தெரிந்துவிடும். இரண்டாவது, “என்ன நடந்தால் உங்களுக்குப் போதும்?” என்ற கேள்விக்கு அவர் சொன்ன பதில், அவர் சொன்ன வார்த்தையிலேயே. “நகையைத் திருப்பிக் கொடுத்தா போதும்” என்றார் என்றால் அப்படியே எழுதுங்கள், “சீர்வரிசைப் பொருள் மீட்பு” என்று மாற்ற வேண்டாம்.

வழக்கு முடிந்ததும் எழுதும் படிவத்தில் இந்த வரியைத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும். முடிந்த விதத்துக்கு ஐந்து வகை போதும்: ஆலோசனை மட்டும்; மனு எழுதிக் கொடுத்தது அல்லது ஆவணம் எடுத்துத் தந்தது; சமரசம்; உத்தரவு; பாதியில் நின்றது. அதோடு தனியாக ஒரு கட்டம்: அவர் முதல் நாள் கேட்டது முழுதாகக் கிடைத்ததா, ஓரளவா, இல்லையா? இந்த இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டுக் குழப்பினால் சமரசங்கள் எல்லாம் வெற்றியாகிவிடும். பிரிந்து வாழ வேண்டும் என்று வந்தவரைச் சேர்த்துவைத்து அனுப்பியது கோப்பில் “சுமுகமாக முடிந்தது” என்று இருக்கும். அவர் கேட்டது அதுவல்ல.

படிவம் தயாரானதும் இரண்டு பக்கத்தில் விளக்கக் குறிப்பு எழுதுங்கள். காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு) வாங்கிக் கொடுத்ததோடு நின்ற வழக்கு எந்த வகை? இடைக்கால உத்தரவு வந்து முதன்மை மனு நடந்துகொண்டிருந்தால் அது முடிந்ததா? இதற்கெல்லாம் ஆளுக்கொரு பதில் வைத்திருப்பார்கள். சரிபார்க்க எளிய வழி, பழைய வழக்குக் கட்டுகளில் பத்தை எடுத்து இரண்டு தன்னார்வலர்களிடம் தனித்தனியாகக் கொடுத்துப் படிவம் நிரப்பச் சொல்லுங்கள். பத்தில் எட்டாவது ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால் குறிப்பைத் திருத்துங்கள், ஆளைத் திட்ட வேண்டாம். பிரச்சினை வகைக்கான பட்டியலும் பன்னிரண்டைத் தாண்டக் கூடாது. “மற்றவை” என்பதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தால் பட்டியலில் ஏதோ விடுபட்டிருக்கிறது.

பதிவு எப்போது நடக்கிறது என்பதையும் பாருங்கள். மாதத்தின் முப்பது படிவங்களும் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதின மாதிரி இருந்தால், அறிக்கைக்கு முந்தின இரவு நினைவிலிருந்து நிரப்பியது என்று அர்த்தம். தேதிகள் எல்லாம் 5, 10, 15 என்று வட்டமாக விழுந்திருக்கும். இதற்குக் காரணம் சோம்பல் என்று எண்ணிவிடாதீர்கள். பெரும்பாலும் படிவம் நீளமாக இருக்கும், அல்லது அதை யாரும் திரும்பப் பார்ப்பதில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஆறு மாதமாக எந்தக் கூட்டத்திலும் பேசப்படாத கட்டத்தை எடுத்துவிடுங்கள்.

வழக்கறிஞர்களின் பயம் நியாயமானது. வெற்றி சதவீதத்தை ஆள்வாரியாகப் போட்டால், கடினமான வழக்கை எடுக்கிறவர்தான் கடைசியில் நிற்பார். அடுத்த ஆண்டு அவரும் எளிய வழக்காகப் பார்த்து எடுப்பார். நஷ்டம் கடினமான வழக்கோடு வருகிறவருக்கு. அதனால் ஆள்வாரி எண்ணை எந்த அறிக்கையிலும் போட மாட்டோம், சம்பள உயர்வுக்கும் பயன்படுத்த மாட்டோம் என்று நிர்வாகக் குழுவில் தீர்மானமே போட்டுவிடுங்கள். பிறகு அவர்களுக்கு உண்மையில் தொல்லை தருகிற ஒன்றை முதலில் அளந்து காட்டுங்கள்.

வாய்தா அதற்கு நல்ல இடம். இ-கோர்ட்ஸ் செயலியில் ஒவ்வொரு வழக்குக்கும் தரப்படும் 16 எழுத்து சி.என்.ஆர். எண்ணைப் போட்டால் ஒவ்வொரு வழக்கின் விசாரணைத் தேதிகளும் வந்துவிடும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் காரணத்தைக் குமாஸ்தாவிடம் கேட்டு ஒரே சொல்லில் குறியுங்கள்: நோட்டீஸ் சார்பு ஆகவில்லை (எதிர்த் தரப்பின் கையில் சேரவில்லை), எதிர்மனுதாரர் வரவில்லை, நம் தரப்பு வரவில்லை, நீதிபதி விடுப்பு. குடும்ப வன்முறைச் சட்டம் 2005, முதல் விசாரணை சாதாரணமாக மூன்று நாளுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. நோட்டீஸைப் பாதுகாப்பு அலுவலர் இரண்டு நாளுக்குள் சார்பு செய்ய வேண்டும், முதல் விசாரணையிலிருந்து 60 நாளுக்குள் மனுவை முடிக்க நீதிமன்றம் முயல வேண்டும் என்கிறது. உங்கள் வழக்குகளில் இந்த மூன்றும் எத்தனை நாள் ஆகின்றன என்று மூன்று மாதம் எண்ணிப் பாருங்கள். பாதிக்கு மேற்பட்ட வாய்தா நோட்டீஸில்தான் போகிறது என்று தெரிந்தால், ஒரு தன்னார்வலரை முகவரி சரிபார்ப்புக்கும் பாதுகாப்பு அலுவலரைத் தொடர்ந்து பார்ப்பதற்கும் போட்டுவிடலாம். ஓர் எண்ணிக்கையால் தங்கள் வேலை குறைந்ததைப் பார்த்த பிறகு வழக்கறிஞர்கள் அடுத்த எண்ணிக்கையைத் தாங்களே கேட்பார்கள்.

இதற்கெல்லாம் உயிர் கொடுப்பது மாதக் கூட்டம்தான். ஒரு ஏ-4 தாள், ஐந்து எண்கள், 45 நிமிடம். கூட்டம் முடிவதற்குள் ஒரு முடிவு எடுக்க வேண்டும், யார், எந்தத் தேதிக்குள் என்று எழுத வேண்டும். அடுத்த மாதம் முதல் ஐந்து நிமிடம் அந்த முடிவு நடந்ததா என்று பார்ப்பதற்கு. உங்கள் 80 பக்க அறிக்கை பீரோவுக்குப் போனதற்குக் காரணம் அதன் தரமாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. அதை மேஜையில் வைத்து முடிவெடுக்க ஒரு நாள், ஒரு நேரம் உங்களிடம் இல்லாமல் இருந்திருக்கலாம்.

ரகசியத்தில் விட்டுக்கொடுக்க முடியாத சில விஷயங்கள் உண்டு. கட்சிக்காரர் வழக்கறிஞரிடம் சொன்னதை அவருடைய வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது என்கிறது பாரதிய சாட்சியச் சட்டம் 2023-இன் 132-ஆம் பிரிவு. வழக்கறிஞரின் குமாஸ்தா, ஊழியர்களுக்கும் அது பொருந்தும். எனவே வெளி மதிப்பீட்டாளரிடம் கட்டைத் தூக்கிக் கொடுப்பது சாதாரண விஷயம் இல்லை. வக்காலத்தில் வாங்கும் கையெழுத்தோடு இதைச் சேர்க்காமல், தனித் தாளில், தமிழில், படித்துக் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். “வேண்டாம்” என்றாலும் வழக்கு நடக்கும் என்று வாயாலும் சொல்லுங்கள். ஆதார் எண்ணை எக்ஸெல் தாளில் ஏற்றவே வேண்டாம். பெயரும் போன் எண்ணும் ஒரு கோப்பில், வழக்கு விவரம் வரிசை எண்ணோடு இன்னொரு கோப்பில் இருக்கட்டும். கூகுள் ஷீட்டில் வைத்தால் “லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்” என்பது அணைந்திருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அறிக்கையில் தாலுகாவாரியாகப் போடும்போது ஐந்துக்குக் குறைந்த எண்ணை அப்படியே போடாதீர்கள். சின்ன ஊரில் “குழந்தைத் திருமணம் 1” என்றால் அது யாருடைய பெண் என்று எல்லோருக்கும் தெரியும்.

நிதி தருபவர்கள் கேட்கும் “தாக்கம்” பற்றி. உங்களால்தான் இந்த மாற்றம் வந்தது என்று கறாராக நிரூபிக்க, உதவி கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் குலுக்கலில் பிரித்து ஒப்பிட வேண்டும். அடி வாங்கி வந்து நிற்பவரைக் குலுக்கலில் திருப்பி அனுப்புவது நீங்கள் செய்யக்கூடிய காரியம் இல்லை, செய்யவும் வேண்டாம். அமெரிக்காவில் ஹார்வர்டு சட்ட மாணவர்களின் உதவி மையத்தில், வேலையிழப்பு உதவித்தொகை மேல்முறையீடுகளில் அப்படி ஓர் ஆய்வு நடந்து 2012-இல் வெளியானது. மையம் உதவ முன்வந்தவர்களின் வெற்றி வாய்ப்பு குறிப்பிடத்தக்க அளவு கூடியதாகக் காட்ட முடியவில்லை, வழக்கு முடிவது தாமதமானது. குலுக்கலில் மையத்தின் உதவி கிடைக்காதவர்களில் பலர் வேறு இடத்தில் வழக்கறிஞரைப் பிடித்துக்கொண்டதும் அந்த முடிவைப் படிக்கும்போது நினைவில் வைக்க வேண்டியது. நிதி தருபவரிடம் நேராகச் சொல்லுங்கள்: நாங்கள் காட்டப்போவது எங்களிடம் வந்தவர்களுக்கு என்ன ஆனது, எத்தனை நாளில் ஆனது, போன ஆண்டைவிட எங்கே மாறியது என்பதை. விவரம் தெரிந்த நிதியாளர் இதை ஏற்பார்.

செலவுக்கு, திட்டத் தொகையில் 5 முதல் 10 சதவீதம் என்பது மதிப்பீட்டுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அளவு. அடுத்த முன்மொழிவில் தனி வரியாகவே கேளுங்கள். வெளிநாட்டு நிதி என்றால் ஒரு எச்சரிக்கை. 2020 திருத்தத்துக்குப் பிறகு எஃப்.சி.ஆர்.ஏ.யில் (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அறிக்கை தயாரிப்பதும் இந்தப் பணியாளரின் சம்பளமும் அந்தக் கணக்கில் விழுமா என்பதை ஆள் போடுவதற்கு முன்பே ஆடிட்டரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

வெளி ஆலோசகரை இரண்டாம் ஆண்டின் முடிவில் அழைக்கலாம், ஒரே வேலைக்கு. ஒப்புதல் தந்தவர்களின் 30 கட்டுகளை எடுத்து உங்கள் எக்ஸெலோடு ஒத்துப்பார்த்து, எந்தக் கட்டம் நம்பத்தக்கது, எது இல்லை என்று சொல்லட்டும். ஒப்பந்தத்தில் அறிக்கை பத்துப் பக்கம், தமிழில், தரவு முழுதும் உங்களுக்கே சொந்தம், கடைசி நாள் ஊழியர்களோடு உட்கார்ந்து விளக்க வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

பழைய வழக்குகளை எல்லாம் எக்ஸெலில் ஏற்ற வேண்டுமா என்று உங்கள் ஊழியர்கள் கேட்பார்கள். வேண்டாம், ஒரு வகையைத் தவிர. கடந்த பதினெட்டு மாதத்தில் ஜீவனாம்ச உத்தரவு வந்த கட்டுகளை மட்டும் பீரோவிலிருந்து எடுத்து, உத்தரவுத் தேதி வரிசையில் அடுக்குங்கள். ஓராண்டு நெருங்குகிறவர்களையும் தாண்டிவிட்டவர்களையும் இந்த வாரமே அழையுங்கள். தாண்டியவர்களுக்குத் தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் இன்னொரு மாதத் தொகை வாரண்ட் வழியிலிருந்து நழுவுகிறது. படிவம், கூட்டம் எல்லாம் அடுத்த மாதம் தொடங்கினாலும் பரவாயில்லை.